சத்திரசிகிச்சை மூலம் பல் அகற்றக் கையைப் பழக்குவது எப்படி: கொழும்பிலுள்ள பொதுப் பல் வைத்தியர்களுக்கு ஒரு வழிகாட்டி

கீழ்க் கடைவாய்ப்பல்லின் முடி (முரசுக்கு வெளியே தெரியும் பகுதி) ஃபோர்செப்ஸுக்குள் நொறுங்கி, வேர்கள் எலும்புக்குள் நின்றுவிட்டால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைப் பேராதனையில் படித்த நாட்களில் நாம் எல்லோரும் பரீட்சைத் தாளில் எழுதியிருக்கிறோம்; வாய்மொழித் தேர்விலும் தடுமாறாமல் சொல்லியிருக்கிறோம். எழுதத் தெரிந்த அந்தக் காரியத்தைச் செய்யக் கை பழகியிருக்கிறதா என்பது வேறு கேள்வி. பட்டம் பெற்ற மூன்றாம் ஆண்டில், வெள்ளவத்தையில் ஒரு சிறிய கிளினிக்கில், ஒரு சனிக்கிழமை மாலை, அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவின் 46ஆம் பல்லோடு (கீழ் வலது முதல் கடைவாய்ப்பல்) நான் ஐம்பது நிமிடம் போராடினேன். “நோகேல்லை டொக்டர், ஆனா நாடி களைச்சுப் போச்சு” என்று அவர் மெல்லச் சொன்னபோதுதான் பல்லை நெம்பக் கையில் வைத்திருந்த எலிவேட்டரைக் கீழே வைத்தேன். வாயோரம் கன்றியிருந்தது, கன்னப்பக்க எலும்பின் விளிம்பு நசுங்கியிருந்தது, வேர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

திங்கட்கிழமை அவரை ஒரு நிபுணரிடம் நானே கூட்டிச் சென்றேன். அந்த நிபுணர் முரசை (ஈறை) சிறிதளவு விலக்கி, வேர்களைப் பிரித்து, இரண்டையும் எடுத்துத் தையலும் போட்டு முடிக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அவர் என்னைவிடப் பலசாலி அல்லர். ஐம்பது நிமிடத்திலும் நான் எடுக்காத முடிவை அவர் முதல் நிமிடத்திலேயே எடுத்திருந்தார். எடுத்த முடிவை நிறைவேற்ற அவருடைய கை பழகியிருந்தது. நேரத்தோடு முடிவெடுப்பதற்கும் கையைப் பழக்குவதற்கும் ஒரு பொதுப் பல் வைத்தியர் எப்படிப் பயிற்சி பெறலாம் என்பதையே கீழே எழுதுகிறேன். ஞானப்பல் சத்திரசிகிச்சை இதில் இல்லை. உடைந்த வேர், வளைந்த வேர், வேர்ச்சிகிச்சை செய்து காய்ந்துபோன பல் ஆகியவையே நம்முடைய அன்றாட வேலையில் வந்து மறிப்பவை. முதலில் பழக வேண்டியவையும் அவைதான்.

பயிற்சியைத் தெரிவு செய்தல்

வார இறுதிப் பயிற்சிப்பட்டறை என்ற பெயரில் நடப்பவற்றில் பல, உண்மையில் விரிவுரைகளே. காலையில் படங்கள், மதியம் ஒரு காணொளி, மாலையில் ஒருவர் செய்வதை நாற்பது பேர் சுற்றி நின்று பார்ப்பது என்று நாள் முடிந்து, கையில் ஒரு சான்றிதழ் மட்டும் மிஞ்சும். பணம் கட்டுவதற்கு முன் ஏற்பாட்டாளர்களிடம் நேரடியாகக் கேளுங்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? ஒவ்வொருவருக்கும் தனி ஹான்ட்பீஸும் (வெட்டுமுனையைச் சுழற்றும் கைக்கருவி) தனித் தாடையும் உண்டா? ஆயுதம் என் கையில் மொத்தம் எத்தனை மணி நேரம் இருக்கும்? பிறகு நோயாளியில் செய்யும்போது அருகில் நிற்க யாராவது வருவார்களா? என் கணிப்பில் ஒரு பயிற்றுநருக்கு ஆறு பேருக்கு மேல் இருந்தால் உங்கள் பிழையை யாரும் பார்க்கப் போவதில்லை, பார்க்கப்படாத பிழை பழக்கமாகிவிடும்.

ரொட்னி பெய்டன் 1998இல் விவரித்த நான்கு படி முறையைப் பயிற்றுநர் பின்பற்றுகிறாரா என்றும் கவனியுங்கள். முதலில் பயிற்றுநர் பேசாமல் இயல்பான வேகத்தில் செய்து காட்டுவார்; இரண்டாவது முறை ஒவ்வொரு அசைவையும் விளக்கியபடி செய்வார்; மூன்றாவது முறை நீங்கள் சொல்லச் சொல்ல அவர் செய்வார்; நான்காவது முறை நீங்களே சொல்லியபடி செய்வீர்கள். மூன்றாவது படியைத்தான் பலர் நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் “இப்போது எலிவேட்டரை எங்கே வைக்க வேண்டும்?” என்று கேட்டுவிட்டு அவர் கையை நிறுத்தும் அந்தக் கணத்தில்தான், நமக்குத் தெரியும் என்று நினைத்திருந்தது தெரியாது என்பது வெளியில் வரும்.

இலங்கைப் பல் வைத்தியச் சங்கத்தின் தொடர்கல்வி நிகழ்ச்சிகள் பற்றி விசாரிப்பது நல்ல தொடக்கம். சென்னைக்கோ வேறு இடத்துக்கோ போய் நோயாளிகளில் செய்து பழகலாம் என்று விளம்பரம் வந்தால், அந்நாட்டில் நோயாளியைத் தொட உங்களுக்குச் சட்டப்படி அனுமதி எப்படிக் கிடைக்கிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இலங்கை மருத்துவ சபையின் பதிவு இங்கே செல்லுபடியாகும். கடல் தாண்டினால் அது போதாது.

மேசையில் பழகுதல்

பன்றித் தாடையே மனிதத் தாடைக்குக் கிட்டத்தட்ட ஒத்தது. எலும்பின் தடிப்பும் கடைவாய்ப்பல்லின் வேர்களும் நல்ல பயிற்சி தரும். ஆனால் கொழும்பில் ஒரு மேசையைச் சுற்றி முஸ்லிம் நண்பர்களும் இருப்பார்கள் என்பதால், முன்கூட்டியே எல்லோரிடமும் கேட்டுவிட்டு ஆட்டுத்தலைக்கு மாறுவது சரியான வழி. இறைச்சிக்கடையில் முதல் நாளே சொல்லி வைத்தால் தோல் நீக்காத தலையை எடுத்து வைப்பார்கள். ஆட்டுக்கு மேல் முன்பற்கள் கிடையாது, அந்த இடத்தில் தடித்த முரசுப் பகுதியே இருக்கும்; கடைவாய்ப்பற்கள் நீண்டு உயர்ந்தவை, மனிதப் பல்லைப் போல் எளிதில் அசையாதவை. எனவே ஆட்டுத்தலையில் பல்லைப் பிடுங்கிப் பழகுவதைவிட மடல் (எலும்பிலிருந்து விலக்கும் முரசுப் பகுதி) தூக்குவதையும், எலும்பை வெட்டுவதையும், தையலையும் பழகுங்கள். அதற்கு அது மிகவும் பொருத்தமானது.

பல்லைப் பிரிப்பதற்கு, பிடுங்கிய மனிதக் கடைவாய்ப்பற்களைத் தொற்றுநீக்கி, வேர் மட்டும் மூழ்குமாறு பாரிஸ் சாந்தில் பதித்துக்கொள்ளுங்கள். சாந்தோடு மரத்தூள் கலந்தால் அது எலும்பைப் போலச் சற்று இளகி வெட்டுப்படும். அமல்கம் நிரப்பிய பல்லை ஆட்டோகிளேவில் வைக்க வேண்டாம், பாதரச ஆவி வரும். அவற்றைப் பயிற்சிக்கு எடுக்காமல் விட்டுவிடுவதே நல்லது. இருபது பல்லைப் பிரித்த பிறகு உங்கள் விரல் ஒன்றைக் கற்றிருக்கும்: பர் (சுழலும் வெட்டுமுனை) பற்திசுவுக்குள் போகும்போது ஒரே சீரான எதிர்ப்பு இருக்கிறது, வேர்கள் கிளைக்கும் இடத்தை அடைந்ததும் அந்த எதிர்ப்பு திடீரென்று குறைகிறது. அந்த இடத்தில் கை தானாக நிற்க வேண்டும். இதை எந்த விரிவுரையாலும் கற்பிக்க முடியாது.

பர் மீது கட்டுப்பாடு வர இன்னொரு எளிய பயிற்சி உண்டு. பச்சை முட்டையின் ஓட்டில் உருண்டைப் பரால் ஒரு சிறு வட்டம் வெட்டி, உள்ளிருக்கும் சவ்வு கிழியாமல் அந்த ஓட்டுத் துண்டை மட்டும் எடுங்கள். முதல் மூன்று முட்டைகள் வீணாகும். பத்தாவது முட்டைக்குள் கை அமைதியாகிவிடும். தையலுக்கு வாழைப்பழத் தோலும், தோலோடு கூடிய கோழிக்காலும் போதும். தினமும் பத்து முடிச்சு என்று இரண்டு வாரம் பழகினால், வாய்க்குள் ஊசியைத் திருப்பும்போது கண் தேடாது.

விலங்குத் தாடைக்குப் பாவித்த ஹான்ட்பீஸையும் கத்திப்பிடியையும் கிளினிக்குக்குத் திருப்பிக் கொண்டுவராமல், பயிற்சிக்கென்று ஒரு தனித் தொகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவெடுப்பதைப் பழகுதல்

சத்திரசிகிச்சை வேண்டுமா இல்லையா என்பதை நோயாளி நாற்காலியில் சாய்வதற்கு முன்பே எக்ஸ்ரே சொல்லிவிடும். வேர்கள் விரிந்து நிற்கின்றனவா, நுனி கொக்கிபோல் வளைந்துள்ளதா, நுனி தடித்துக் குமிழாக உள்ளதா, பல்லைச் சுற்றியுள்ள கறுப்புக் கோடு காணாமல் போயிருக்கிறதா, பழைய வேர்ச்சிகிச்சை உண்டா, சொத்தை முரசுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மேல் கடைவாய்ப்பல் தனியே நின்றால் சைனஸின் (மேல்தாடைக்குள் உள்ள காற்றறை) தரை வேர்களுக்கிடையில் இறங்கியிருக்கக்கூடும், பின்பக்க எலும்பு முழுவதும் சேர்ந்து உடையவும் கூடும். கீழ்ப் பற்களில் நரம்புக் கால்வாயின் வெள்ளைக்கோடு வேரைக் கடக்கும் இடத்தில் அறுபடுவதும், அந்த இடத்தில் வேர் கறுத்துத் தெரிவதும், கால்வாய் திசைமாறுவதும் நரம்புக்கு ஆபத்து உண்டென்பதைக் காட்டுவதாக ரூட், ஷெஹாப் ஆகிய இருவரும் 1990இல் எழுதினார்கள். அவற்றில் ஒன்று தெரிந்தாலும் உங்கள் ஆரம்ப வருடங்களில் அந்தப் பல் உங்களுடையதல்ல; வாட் பிளேஸிலுள்ள தேசிய பல் போதனா வைத்தியசாலை போன்ற இடத்துக்கு, எக்ஸ்ரேயோடும் முழுமையான கடிதத்தோடும் அனுப்புங்கள்.

பயிற்சியாக இதைச் செய்யலாம்: ஒரு மாதம், பல் அகற்ற வரும் ஒவ்வொருவரின் எக்ஸ்ரேயையும் பார்த்து, “சாதாரணமாக வரும்”, “பிரிக்க வேண்டும்”, “மடல் வேண்டும்”, “அனுப்ப வேண்டும்” என்று ஒரு கொப்பியில் முன்கூட்டியே எழுதி, வேலை முடிந்த பின் உண்மையில் நடந்ததை எதிரே எழுதுங்கள். மாத முடிவில் உங்கள் கணிப்பு எங்கே பிழைக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். நான் செய்தபோது, வேர்ச்சிகிச்சை செய்த மேல் முன்கடைவாய்ப்பற்களை நான் தொடர்ந்து இலேசாக எடைபோட்டிருந்தது புரிந்தது.

நாற்காலியில் இருக்கும்போது என் அளவுகோல் பத்து நிமிடம். ஒழுங்கான நிலையில், ஒழுங்கான விசை கொடுத்துப் பத்து நிமிடத்தில் பல் அசையவில்லை என்றால் விசையைக் கூட்டுவதில்லை, திட்டத்தை மாற்றுகிறேன். மடல் தூக்குவதைத் தோல்வியாக எண்ணாதீர்கள். அளவுக்கு மீறிய விசையால் எலும்பு நசுங்குவதைவிட, அளந்து வெட்டிய இரண்டு மில்லிமீற்றர் எலும்பு நோயாளிக்கு மிகக் குறைந்த இழப்பு.

நோயாளியைப் பற்றிய கேள்விகளில் நம் ஊருக்கென்று சில உண்டு. நீண்ட காலம் வெற்றிலை, பாக்கு சப்பியவர்களில் கன்னம் நார்போல் இறுகி வாய் திறப்பது குறைந்திருக்கும். இரண்டு விரல் நுழையாத வாயில் பின் கடைவாய்ப்பல்லுக்கு மடல் தூக்கத் தொடங்காதீர்கள், அந்த வாயின் மென்படலத்தைப் புற்றுநோய்க்கான அறிகுறிகளுக்காகவும் பாருங்கள். மழைக்காலத்தில் கடந்த சில நாட்களில் காய்ச்சல் இருந்ததா என்று கட்டாயம் கேளுங்கள். 2017இல் மட்டும் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு சந்தேகத்தோடு பதிவானார்கள். இரத்தத் தட்டுகள் குறைந்த ஒருவரில் தள்ளிப்போடக்கூடிய சத்திரசிகிச்சையைச் செய்வது பெரிய தவறு, ஐபூபுரூபன், டைக்ளோபினக் போன்றவற்றை எழுதிக் கொடுப்பதும் அப்படியே. சீனி வருத்தம், இரத்த அழுத்தம், எலும்புத் தேய்வுக்கு எடுக்கும் பிஸ்பொஸ்பொனேட் மருந்து ஆகியவற்றையும் கேளுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவரில், இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு 4க்குக் கீழே உள்ளதா என்று முந்தைய 24 மணி நேரத்துக்குள் பார்த்திருக்க வேண்டும், நீண்ட காலம் நிலையாக இருப்பவரில் 72 மணி வரை ஏற்கலாம். மருந்தை நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள்.

கை செய்யும் வரிசை

விறைப்பு ஊசியின் கணக்கை மனதில் அல்ல, எழுதி வைத்துச் செய்யுங்கள். 2 சதவீத லிக்னோகெய்னின் 2.2 மில்லிலீற்றர் கார்ட்ரிட்ஜ் ஒன்றில் 44 மில்லிகிராம் மருந்து உண்டு. கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் என்ற கவனமான வரம்பை எடுத்தால், 50 கிலோ எடையுள்ளவருக்கு 220 மில்லிகிராம், அதாவது 5 கார்ட்ரிட்ஜ். நெடுநேரம் போராடும்போது ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போவது இதுதான்.

மடலுக்கு 15ஆம் இலக்கக் கத்தி. வெட்டு முரசின் வழியே எலும்பு வரை ஒரே அழுத்தத்தில் இறங்க வேண்டும். கத்தி எலும்பைத் தொடும் அந்த மெல்லிய உராய்வு விரலுக்குத் தெரிய வேண்டும். முன்னே ஒரு பல், பின்னே ஒரு பல் அளவு எடுத்து, இடம் போதாவிட்டால் முன்பக்கத்தில் மட்டும் ஒரு சாய்வு வெட்டு இறக்குங்கள். மடலின் அடி, விளிம்பைவிட அகலமாக இருந்தால்தான் இரத்த ஓட்டம் கெடாது. கீழ் முன்கடைவாய்ப்பற்களுக்கிடையில் அந்தச் சாய்வு வெட்டை இறக்க வேண்டாம், கீழ் உதட்டுக்குப் போகும் மெண்டல் நரம்பு அங்கேதான் வெளிவருகிறது. கீழ்த்தாடையின் நாக்குப்பக்கத்தில் வெட்டே வேண்டாம். பிறகு எலும்புறையையும் (எலும்பை மூடும் மெல்லிய படலம்) முரசையும் ஒரே படையாகத் தூக்க வேண்டும். இளம் நுங்கின் தோலைச் சதை கிழியாமல் உரிப்பவரின் கையைப் பார்த்திருப்பீர்கள்: இழுப்பதில்லை, நகத்தின் முதுகை உள்ளே ஒட்டி வைத்துத் தள்ளிக்கொண்டே போவார். எலும்புறையைத் தூக்கும் எலிவேட்டரின் குழிந்த பக்கம் எலும்பை நோக்கி, அதே மாதிரி. மடல் கிழிவது பெரும்பாலும் எலும்புறை முழுவதும் வெட்டப்படாத மூலையில்தான். அங்கே இழுக்காமல் கத்தியை மீண்டும் எடுங்கள்.

எலும்பை வெட்ட, உருண்டைப் பரால் கன்னப்பக்கத்தில் பல்லை ஒட்டி ஒரு குறுகிய வாய்க்கால் வெட்டினால் போதும். பரின் அகலமே அதன் அகலம். சேலைன் ஓயாமல் பாய வேண்டும், காய்ந்த எலும்பு சூடேறிச் செத்துவிடும். பல் நிரப்பப் பாவிக்கும் காற்று டர்பைன் ஹான்ட்பீஸை இங்கே ஒருபோதும் எடுக்காதீர்கள். அதன் காற்று மடலுக்குக் கீழே புகுந்து முகமும் கழுத்தும் ஊதி, தொட்டால் நொறுநொறுவென்று ஒலிக்கும் நிலை வரலாம். காற்றை முன்னே விடாத சத்திரசிகிச்சை ஹான்ட்பீஸுக்குச் செலவாகும் பணத்தை, இந்த வேலையைத் தொடங்குவதற்கான கட்டணமாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

கீழ்க் கடைவாய்ப்பல்லைக் கன்னப்பக்கமிருந்து நாக்குப்பக்கமாகப் பிரியுங்கள், ஆனால் நாக்குப்பக்கச் சுவரை அடையும் முன் நிறுத்துங்கள். மிச்சத்தை வெட்டுக்குள் நேர் எலிவேட்டரை வைத்துத் திருப்பி உடைக்கலாம். ‘டிக்’ என்ற சிறு சத்தத்தோடு இரண்டு வேரும் தனித்தனியே அசையத் தொடங்கும். ஒரு வேர் வெளியே வந்ததும், காலியான குழிக்குள் கிரையர் எலிவேட்டரை இறக்கி, இடைச்சுவரோடு அடுத்த வேரைக் கிளப்புங்கள். மேல் கடைவாய்ப்பல்லில் இரண்டு கன்னப்பக்க வேர்களையும் அண்ணப்பக்க வேரிலிருந்து முதலில் பிரித்துவிடுங்கள். எப்போதும் ஒரு விரல் எலும்பின் மேல் ஊன்றியிருக்க வேண்டும், அடுத்த பல் நெம்புகோலின் தாங்கியாக ஆகக்கூடாது.

முடிவில் மடலுக்குக் கீழே நன்றாகக் கழுவுங்கள். அங்கே தங்கும் எலும்புத்தூள் பல நாட்கள் கழித்துச் சீழாக வரும். 3-0 பட்டுநூல் அல்லது கரையும் நூல், அசையும் பக்கத்திலிருந்து அசையாத பக்கத்துக்கு ஊசி, முரசு வெளிறும் அளவுக்கு இறுக்காத முடிச்சு.

எப்போது நிறுத்துவது என்பதும் கைப்பழக்கத்தின் பகுதியே. 4, 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த வேர் நுனி, தொற்று இல்லாமல், ஆழமாக, சைனஸுக்கோ நரம்புக்கோ அருகில் நின்றால் அதை விட்டுவிடுவது ஏற்கப்பட்ட முடிவு. ஆனால் நோயாளியிடம் சொல்லி, எக்ஸ்ரே எடுத்து, பதிவேட்டில் எழுத வேண்டும். சைனஸ் திறந்திருந்தால், 2 மில்லிமீற்றர் வரையான துளை இரத்தக்கட்டி நிலைத்தால் தானாக மூடும். அதற்கு மேல் 6 வரை எட்டு வடிவத் தையலும், மூக்கைச் சிந்த வேண்டாம் என்ற கண்டிப்பான அறிவுரையும் தேவை. அதைவிடப் பெரியதை அன்றே நிபுணரிடம் அனுப்புங்கள்.

உதவியாளரும் முதல் நோயாளிகளும்

பயிற்சிக்குத் தனியே போவதுதான் நாம் எல்லோரும் செய்யும் தவறு. மடலைப் பின்னே பிடிப்பதும், சக்ஷனை வெட்டும் இடத்துக்குச் சற்றுப் பின்னே வைப்பதும், நாக்கைக் காப்பதும் உதவியாளரின் கையில்தான் இருக்கின்றன. வேலைக்கு வந்து ஒரு வருடமும் ஆகாத ஒரு தங்கையை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டுத்தலையின் முன் உட்கார வைத்து, மடலை விலக்கும் கருவியை அதன் முனை எலும்பில் ஊன்றியிருக்குமாறு பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். அதுவரை அவர் முனையை முரசின் மேலேயே வைத்திருந்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் வீக்கம் கூடியதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று அன்றுதான் உணர்ந்தேன். சொல்லிக்கொடுக்காதது என் பிழை.

முதல் பத்து நோயாளிகளை அனுபவமுள்ள ஒருவர் அருகில் நிற்கும் நாளில், காலையில், வேறு நோயாளிகள் காத்திராத நேரத்தில் வையுங்கள். மேல் முன்கடைவாய்ப்பல்லின் ஒற்றை வேர், பிறகு கீழ்க் கடைவாய்ப்பல்லைப் பிரித்தல், அதன்பின் மடல் என்று ஏறுங்கள். சம்மதத்தை நோயாளியின் மொழியில் வாங்குங்கள். கொழும்பில் அது தமிழாகவோ சிங்களமாகவோ ஆங்கிலமாகவோ இருக்கலாம் என்பதால் மூன்றிலும் அதே வாக்கியங்களை எழுதி வைத்திருப்பது நல்லது. “முரசை வெட்டித் தையல் போட வேண்டி வரலாம், மூன்று நாள் வீக்கம் இருக்கும், கீழ் உதடு சில வாரமோ மாதமோ விறைத்திருக்கலாம், மிக அரிதாக அது நிரந்தரமாகவும் இருக்கலாம்” என்று சொல்லிவிட்டு, அவர் அதைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்லும் வரை காத்திருங்கள். தலையாட்டலை மட்டும் சம்மதமாக எடுக்காதீர்கள். நம் பெரியவர்கள் டொக்டருக்கு முன் மரியாதைக்காகவும் தலையாட்டுவார்கள்.

ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள்: முன்கணிப்பு, எடுத்த நேரம், எந்தக் கட்டத்தில் திட்டம் மாறியது, பாவித்த விறைப்பு மருந்து, அடுத்த முறை மாற்ற வேண்டியது. அன்று மாலையே நோயாளிக்கு ஒரு அழைப்பு, மூன்றாம் நாள் இன்னொன்று. உலர் பற்குழியின் (இரத்தக்கட்டி நிலைக்காமல் வெறுமையான குழி) வலி வழக்கமாக இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள்தான் தொடங்கும், காதுவரை ஏறும், பரசிட்டமோலுக்கு அடங்காது. புகைப்பவர்களில் கூடுதலாக வரும். “இப்ப எப்படி இருக்கு அம்மா?” என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலை அதே பக்கத்தின் கடைசி வரியில் எழுதிய பிறகுதான் அந்தப் பல்லின் பக்கத்தை மூட வேண்டும்.